நஜீஸ், தொடக்கு, கடல் தண்ணீர்: புதிதாகத் தொழ வருபவர்களுக்கு

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், வேதாளை, பாம்பன், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையில் எந்த ஊர்ப் பள்ளிவாசலை எடுத்துக்கொண்டாலும், புதிதாக வருகிறவர் முதலில் தயங்கி நிற்பது ஒரே இடத்தில்தான். "நான் இப்போது தொழலாமா, சுத்தமாக இருக்கிறேனா?" இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர், வேறு ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண், பல வருஷம் தொழாமல் விட்டுவிட்டு இப்போது தொடங்க நினைக்கும் இளைஞர் எல்லோருக்கும் இந்தத் தயக்கம் உண்டு. கேட்க வெட்கம். கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். அந்த வெட்கத்தையும் குழப்பத்தையும் குறைக்கத்தான் இந்தக் கட்டுரை.

கரையோர ஊர்களில் ஷாபிஈ மத்ஹபுக்காரர்களே அதிகம். மத்ஹபு என்றால் மார்க்கச் சட்டங்களை விளக்கும் வழி. உள்நாட்டுப் பக்கம் போனால் ஹனஃபி அதிகம். ஒரே வீட்டில் மாமியார் ஷாபிஈ, மருமகள் ஹனஃபி என்பது இங்கே சாதாரணம். இரண்டும் சரியான வழிகள்தான். நான் ஷாபிஈ முறையை வைத்துச் சொல்கிறேன். வேறுபாடு முக்கியமாக வரும் இடத்தில் ஹனஃபியையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நஜீஸ் என்பது அசுத்தமான ஒரு பொருள். சிறுநீர், மலம், இரத்தம், சீழ், வாந்தி, போதை தரும் பானம், நாய், பன்றி, முறைப்படி அறுக்கப்படாமல் செத்த பிராணி எல்லாம் இதில் வரும். பதநீர் சுத்தம், அதுவே புளித்துக் கள்ளாகிவிட்டால் நஜீஸ். உடம்பிலோ துணியிலோ தொழும் இடத்திலோ நஜீஸ் பட்டால் பட்ட இடத்தை மட்டும் கழுவ வேண்டும்.

தொடக்கு என்பது தொழ முடியாத ஒரு நிலை. கண்ணுக்குத் தெரியாது, எந்த இடத்திலும் ஒட்டியிருக்காது. சிறுநீர் கழித்தால், காற்றுப் பிரிந்தால், அயர்ந்து தூங்கினால் சிறுதொடக்கு; அது ஒளுவால், அதாவது தொழுகைக்காக முகம் கை கால் கழுவித் தலையைத் தடவுவதால், நீங்கும். உடலுறவு, விந்து வெளிப்படுதல், மாதவிடாய், பிரசவ இரத்தம் ஆகியவற்றால் வருவது பெருந்தொடக்கு. அதற்குக் கடமையான குளிப்பு.

காலில் நாய் எச்சில் பட்டதற்காக ஒளு முறிந்துவிட்டது என்று நினைப்பதும், ஒளு முறிந்ததற்காக கைலியை மாற்றுவதும் இந்த இரண்டையும் கலப்பதால் வருகிற சிரமங்கள். நாய் எச்சில் பட்டால் காலைக் கழுவுங்கள், ஒளு அப்படியே இருக்கிறது. காற்றுப் பிரிந்தால் ஒளுச் செய்யுங்கள், கைலிக்கு ஒன்றுமில்லை.

இதில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. தொடக்கில் இருக்கும் மனிதர் அசுத்தமானவர் இல்லை. நபித்தோழர் அபூஹுரைரா குளிப்புக் கடமையான நிலையில் மதீனாத் தெருவில் நபிகளைக் கண்டதும் நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்தார். எங்கே போனீர் என்று கேட்டு, காரணத்தைத் தெரிந்துகொண்ட நபி (ஸல்) சொன்னது: "ஸுப்ஹானல்லாஹ்! இறைநம்பிக்கையாளர் அசுத்தமாக மாட்டார்." இது புகாரி என்ற தொகுப்பில் பதிவான ஹதீஸ், அதாவது நபிமொழி. மாற்று மதத்தவரின் உடம்பும் சுத்தமே. ஒரே வல்லத்தில் வலை இழுக்கும் இந்து நண்பரின் கையைப் பிடித்தாலோ, கிறிஸ்தவ வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாலோ கழுவ வேண்டியது எதுவும் இல்லை. பயணத்தில் இணைவைக்கும் குலத்துப் பெண் ஒருத்தியின் தோல்பையிலிருந்த தண்ணீரை நபியும் தோழர்களும் பயன்படுத்தியதாகவே ஹதீஸ் இருக்கிறது.

நம் கரையின் தண்ணீர்

கடலுக்குப் போகிற ஒருவர் நபியிடம் வந்து கேட்டார்: "நாங்கள் கடலில் பயணம் செய்கிறோம். கொஞ்சம்தான் நல்ல தண்ணீர் எடுத்துப்போகிறோம். அதில் ஒளுச் செய்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. கடல் தண்ணீரில் ஒளுச் செய்யலாமா?" பதில்: "அதன் தண்ணீர் சுத்தப்படுத்தக்கூடியது, அதில் செத்தவை ஆகுமானவை (உண்ண அனுமதிக்கப்பட்டவை)." நம் ஊர் மீனவர் கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்கே ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார். அதனால் படகில் இருப்பவர் கேனில் உள்ள தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, கடலில் ஒரு வாளி மொண்டு ஒளுச் செய்தால் போதும். வடகடலோ தென்கடலோ, கச்சான் காற்றில் கலங்கிக் கிடந்தாலும், கரையில் பாசி அழுகி வாடை வந்தாலும் அந்தத் தண்ணீர் சுத்தமே. தண்ணீரின் இயல்பான உப்பும் பாசியும் சேறும் அதைக் கெடுப்பதில்லை. கிணற்று உப்புத் தண்ணீருக்கும் இதே சட்டம். சாக்கடை வந்து விழுந்து நிறமோ வாடையோ சுவையோ மாறிய இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. ஷாபிஈ மத்ஹபில் தண்ணீரை இரண்டாகப் பிரிப்பார்கள்: இரண்டு குல்லத்தும் அதற்கு மேலும் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒண்ணேகால் முழம் உள்ள தொட்டி கொள்ளுகிற அளவுதான் இரண்டு குல்லத்து. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அறிஞர்களின் கணக்கில் சிறு வித்தியாசம் உண்டு. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால், நஜீஸ் விழுந்தாலும் நிறம், சுவை, வாடை மாறாத வரை தண்ணீர் சுத்தம். குறைவாக இருந்தால் கொஞ்சம் நஜீஸ் விழுந்தாலே மொத்தமும் நஜீஸ். மாடியில் 500 லிட்டர் தொட்டியில் காக்கை எச்சம் விழுந்து, தண்ணீர் மாறவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிட்டு ஒளுச் செய்யலாம். அதையே குடிக்கலாமா என்பது உடல்நலக் கேள்வி, அது வேறு. வாளித் தண்ணீரில் விழுந்தால் கொட்டிவிடுங்கள். ஈ, எறும்பு, கொசு போல ஓடும் இரத்தம் இல்லாதவை தாமாக விழுந்து செத்தால் வாளியானாலும் கெடாது.

பள்ளிவாசல் ஹவுல் (ஒளுச் செய்யும் தொட்டி) இந்த அளவைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் அதில் கையை விட்டு மொண்டு ஒளுச் செய்யலாம். வீட்டு வாளியில் அப்படிச் செய்யக் கூடாது. முகம் கழுவிய பிறகு, மொள்ளுகிறேன் என்ற எண்ணம் இல்லாமல் கையை வாளிக்குள் முக்கினால், அந்த வாளித் தண்ணீர் பயன்படுத்தப்பட்ட தண்ணீராகிவிடும். மேற்கொண்டு ஒளுவுக்கு உதவாது. இதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எளிய வழி, மக்கில் மொண்டு ஊற்றுவது.

தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, நபி (ஸல்) ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை. முத்து என்பது இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு, முக்கால் லிட்டருக்குள். குளித்தது நான்கிலிருந்து ஐந்து முத்தில், அதாவது 3 லிட்டர் சொச்சம். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு ஒளுச் செய்தால்தான் சுத்தம் என்று நினைக்க வேண்டியதில்லை.

நஜீஸைக் கழுவும் முறை

கண்ணுக்குத் தெரிகிற நஜீஸ் என்றால் முதலில் அதை அகற்றி, பிறகு நிறம், வாடை, சுவை போகும்வரை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தேய்த்தும் சோப்பு போட்டும் இரத்தக் கறையின் நிறம் மட்டும் போகவில்லை என்றால் மன்னிப்பு உண்டு. காய்ந்துபோய் நிறமோ வாடையோ தெரியாத சிறுநீர் என்றால் அந்த இடத்தின் மேல் ஒரு முறை தண்ணீர் ஓடினால் போதும். மூன்று முறை கழுவுவது சுன்னத்து, அதாவது கட்டாயம் இல்லாத நபிவழி.

துணி துவைப்பதில் ஒரு நுணுக்கம். நஜீஸ் பட்ட துணியை அரை வாளித் தண்ணீரில் முக்கினால் துணி சுத்தமாகாது, வாளியும் கெட்டுவிடும். காலி வாளியில் துணியைப் போட்டு மேலிருந்து தண்ணீரை ஊற்றுங்கள். குழந்தையின் துணி உட்பட எல்லாவற்றையும் மெஷினில் மொத்தமாகத் துவைக்கிறவர்கள், நஜீஸ் பட்ட இடத்தை முதலில் குழாயடியில் பிடித்து அலசிவிட்டு, பிறகு மெஷினில் போட்டால் எந்தச் சந்தேகமும் வராது.

இரண்டு வயதுக்குள், பாலைத் தவிர வேறு எதையும் உணவாகச் சாப்பிடாத ஆண் குழந்தையின் சிறுநீருக்குச் சலுகை உண்டு: ஈரத்தைத் துடைத்துவிட்டு, பட்ட இடம் நனையும்படி தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தைக்குக் கழுவ வேண்டும்.

நாய்க்கும் பன்றிக்கும் ஷாபிஈ சட்டம் கடுமை. ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். சோப்பு மண்ணுக்கு ஈடாகாது. ஹனஃபியில் நாயின் எச்சில் நஜீஸ்தான். ஆனால் மூன்று முறை கழுவினால் போதும். கடற்கரையில் வலைக்குள் படுத்திருக்கும் நாய், காய்ந்த உடம்போடு உங்கள் காய்ந்த கைலியை உரசிப்போனால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஈரம் இல்லாமல் நஜீஸ் ஒட்டாது.

மீனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். செத்த மீன் சுத்தம். மீன் வாடை நஜீஸ் இல்லை. ஏலக்கடையிலிருந்து நேரே வந்து தொழுதால் தொழுகை கூடும். ஆனாலும் பக்கத்தில் நிற்பவருக்காகக் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வருவது நல்லது. பச்சை வெங்காயம் பூண்டு தின்றுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று ஹதீஸே இருக்கிறது. மீன் இரத்தம் ஷாபிஈயில் வலுவான கருத்துப்படி நஜீஸ், கொஞ்சம் பட்டால் மன்னிக்கப்படும். ஹனஃபியில் நஜீஸே இல்லை. கருவாடு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய மீனைக் குடல் எடுக்காமல் உப்புப் போட்டால் அந்தக் கருவாட்டைச் சாப்பிடுவதில் சட்டப் பிரச்சினை வரும். நெத்திலி மாதிரிப் பொடி மீனைக் குடலோடு சாப்பிடலாம். ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வது சிரமம் என்பதற்காகக் கொடுத்த அனுமதி அது. நம் கரையின் அன்றாட வேலைவரைக்கும் பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறார்களே என்று இதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

ஒளு

மலஜலம் கழித்தால் முதலில் இடது கையால் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சிறுநீர் முழுவதும் சொட்டி நிற்கும்வரை அவசரப்பட வேண்டாம். இரண்டு கப்ருகளை (அடக்கக் குழிகளை) கடந்தபோது, அதில் ஒருவருக்கு வேதனை நடப்பது சிறுநீரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளாததற்காக என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள்.

ஒளுவின் பர்ளு, அதாவது கட்டாயச் செயல், ஷாபிஈயில் ஆறு. முகம் கழுவும்போது நிய்யத்து (மனதில் எண்ணுவது), முகம், முழங்கை வரை கைகள், தலையில் கொஞ்சமாவது ஈரக்கையால் தடவுவது, கணுக்கால் வரை கால்கள், இந்த வரிசை மாறாமல் இருப்பது. நடுவில் உள்ள நான்கும் குர்ஆனில் மாயிதா அத்தியாயத்தின் 6-ஆவது வசனத்திலேயே இருக்கின்றன. ஹனஃபியில் அந்த நான்குதான் பர்ளு, தலையில் கால்வாசியைத் தடவ வேண்டும், வரிசை சுன்னத்து.

செய்கிற விதம் இது. பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையையும் மணிக்கட்டு வரை கழுவுங்கள். வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்துங்கள். "ஒளுவுடைய பர்ளை நிறைவேற்றுகிறேன்" என்று மனதில் நினைத்துக்கொண்டே முகத்தைக் கழுவுங்கள். முடி முளைக்கும் இடத்திலிருந்து தாடைக்குக் கீழ் வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை முகம். அடர்ந்த தாடிக்கு மேற்புறம் நனைந்தால் போதும். தோல் தெரிகிற தாடிக்குள் தண்ணீர் போக வேண்டும். வலது கை, பிறகு இடது கை, முழங்கையையும் சேர்த்து. தலை, காதுகள். கடைசியாக வலது கால், இடது கால், விரல் இடுக்கெல்லாம் கோதி விட்டு. ஒவ்வொன்றும் மூன்று முறை சுன்னத்து. ஒரு முறையோடும் நிறைவேறும்.

குதிகாலை விட்டுவிடாதீர்கள். அவசரத்தில் குதிகால் நனையாமல் விட்டவர்களைப் பார்த்து, "குதிகால்களுக்கு நரகத்தின் கேடுதான்" என்று நபி (ஸல்) குரலை உயர்த்திச் சொன்னார்கள். வெறுங்காலோடு மணலில் நடந்து பித்தவெடிப்பு விழுந்த கால்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒட்டியிருக்கும் கடல் மணல் நஜீஸ் இல்லை. ஆனால் மணலைத் தட்டிவிட்டு, தண்ணீர் தோலில் இறங்கும்படி கையால் தேயுங்கள்.

தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும் எதுவும் ஒளு உறுப்பில் இருக்கக் கூடாது. மீன் ஆய்கிற பெண்களின் முன்கையைக் கவனித்திருக்கிறீர்களா? விளமீனோ பாறை மீனோ ஆய்ந்து முடித்து அரைமணி ஆனால், தெறித்த செதில் ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில்லுபோல முழங்கைப் பக்கம் ஒட்டிக் காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றினால் மேலோடு வழுக்கிப் போகும். பார்வைக்குக் கை நனைந்துவிட்டது, செதிலுக்கு அடியில் தோல் காய்ந்தபடியே இருக்கும். விரல் நகத்தால் நெண்டி எடுத்தால் சின்னதாக ஒரு வெள்ளைத் தடம் தெரியும். அந்த இடம் நனைய வேண்டும். ஒளுவுக்கு முன்னால் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்து, தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்தால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

படகு வேலை செய்கிறவர்களுக்கு பெயிண்ட், தார், பைபர் படகுக்குப் பூசும் ரெசின், கிரீஸ். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். திட்டாக இருப்பது போக வேண்டும். வெறும் நிறம் தங்கினால் பரவாயில்லை. மருதாணிச் சிவப்புக்கும் இதே காரணத்தால் தடை இல்லை. நகப்பூச்சு திட்டாக நிற்பதால் அகற்ற வேண்டும்.

ஒளு எப்போது முறியும்

முன்பின் துவாரங்கள் வழியாக எது வெளிப்பட்டாலும் முறியும். தூக்கம் முறிக்கும், ஆனால் பின்பகுதி தரையில் அசையாமல் பதிந்து உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தால் முறியாது. மயக்கம், பித்து முறிக்கும். மறைவிடத்தை உள்ளங்கையால் திரையின்றித் தொட்டால் முறியும். ஆணும் பெண்ணும், மணமுடிக்க ஆகுமான வயது வந்த இருவர், திரையின்றித் தோலோடு தோல் பட்டாலும் ஷாபிஈயில் முறியும். கணவன் மனைவிக்கும் இதே சட்டம்.

ஹனஃபி ஊரிலிருந்து வரும் பெண்கள் அதிகம் திகைப்பது இந்தக் கடைசி விஷயத்தில்தான். ராமநாதபுரம் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது விரல் பட்டுவிட்டால், வேண்டுமென்றே தொடவில்லை என்றாலும், ஷாபிஈக்காரர் மறுபடி ஒளுச் செய்ய வேண்டும். முடி, நகம், பல் பட்டால் முறியாது. தாய், மகள், உடன்பிறந்தவர் போன்ற மஹ்ரம்களைத் தொட்டால் முறியாது. ஹனஃபியில் தொடுதலால் முறியாது. ஆனால் உடம்பிலிருந்து இரத்தம் வழிந்து ஓடினால் ஹனஃபிக்கு முறியும், ஷாபிஈக்கு முறியாது. தூண்டில் முள் கிழித்து இரத்தம் ஓடிய இரண்டு பேர் பக்கத்தில் நின்றால், ஒருவர் ஒளுச் செய்வார், மற்றவர் இரத்தத்தைக் கழுவிவிட்டு வந்து நிற்பார். இருவரும் சரி.

கடமையான குளிப்பு

பெருந்தொடக்கை நீக்குகிறேன் என்ற நிய்யத்து, நஜீஸ் இருந்தால் அகற்றுவது, உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலும் முடியும் முழுக்க நனைவது. ஷாபிஈயில் இவ்வளவுதான் கட்டாயம். ஹனஃபியில் வாய் கொப்பளிப்பதும் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் கட்டாயத்தில் சேரும், அதனால் யாராக இருந்தாலும் இரண்டையும் செய்துவிடுங்கள். தொப்புள், காதுமடல், அக்குள், தோடு போட்ட துளை ஆகியவை மறக்கப்படும் இடங்கள்.

சங்கு குளிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி: கடலில் மூழ்கி எழுந்தால் குளிப்பு நிறைவேறுமா? நிய்யத்தோடு மூழ்கினால் நிறைவேறும், ஒளுவும் அதிலேயே அடங்கும். நிய்யத்து இல்லாமல் நாளெல்லாம் கடலுக்குள் கிடந்தாலும் தொடக்கு நீங்காது.

புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர் குளிப்பது சுன்னத்து; முன்பு குளிப்புக் கடமையாகும் காரியம் எதுவும் நடந்திருந்தால் அது கட்டாயம். பெரியவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால், கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொன்னதும் குளித்துவிடுவதே வழி. ரமளானில் குளிப்புக் கடமையான நிலையில் ஸஹர் நேரம் முடிந்துவிட்டால் நோன்பு கெடாது. சுப்ஹு (அதிகாலை) தொழுகையின் நேரம் கழியும் முன் குளித்தால் சரி.

பெண்கள் பின்னல் போட்டிருந்தால், உள்ளே தண்ணீர் இறங்குமானால் அவிழ்க்க வேண்டியதில்லை. அடர்த்தியாக எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடைக்குள் இறங்காது, அவிழ்த்துவிடுங்கள்.

"தொழுகை இல்லை" என்கிற நாட்களில்

மாதவிடாய் நாட்களில் தொழுகையும் நோன்பும் இல்லை. குர்ஆன் பிரதியைத் தொடுவதில்லை, தாம்பத்தியம் கூடாது. விட்ட தொழுகையைத் திருப்ப வேண்டாம், விட்ட நோன்பைத் திருப்ப வேண்டும். துஆ (வேண்டுதல்), திக்ரு (இறைநினைவு), ஸலவாத்து (நபிக்கான வாழ்த்து) எப்போதும் போல.

இந்த நாட்களில் பெண்ணைத் தனிப் பாயில், தனித் தட்டில் ஒதுக்கிவைப்பதற்கு மார்க்கத்தில் எந்த இடமும் இல்லை. நபியின் மனைவி ஆயிஷா (ரலி) மாதவிடாயில் இருந்தபோது அவர்கள் மடியில் தலை வைத்துச் சாய்ந்து நபி (ஸல்) குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். பாயை எடுத்துத் தரச் சொன்னபோது ஆயிஷா தயங்கினார்கள். "உன் மாதவிடாய் உன் கையில் இல்லை" என்று பதில் வந்தது. மாதவிடாயில் இருப்பவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம், அவர்கள் கழுவிய துணியில் தொழலாம். ஒதுக்கிவைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஷாபிஈயில் மாதவிடாயின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும், அதிகபட்சம் 15 நாள். ஹனஃபியில் குறைந்தது 3 நாள், அதிகம் 10 நாள். அதற்கு மேல் வரும் இரத்தம் நோய் இரத்தம். அந்தப் பெண் தொழ வேண்டும்: நேரம் வந்த பிறகு கழுவி, துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து, தாமதிக்காமல் தொழுதுவிட வேண்டும், ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் புதிதாக.

பிரசவ இரத்தம் ஷாபிஈயில் அதிகபட்சம் 60 நாள், வழக்கத்தில் 40; ஹனஃபியில் அதிகபட்சம் 40. "நாற்பது கழியட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பன்னிரண்டாம் நாள் இரத்தம் முழுசாக நின்றுவிட்டால் அன்றைக்கே குளித்துத் தொழ வேண்டும். மீதி நாளும் தொழாமல் இருந்தால் அத்தனை தொழுகையும் கழாவாகும், அதாவது பின்னால் தொழ வேண்டிய கடனாகும். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வு தேவை என்பதில் மாற்றுக் கருத்தில்லை. நிற்க முடியவில்லை என்றால் உட்கார்ந்தோ படுத்தோ தொழுதுகொள்ளலாம், ராத்தாமார்களே.

தண்ணீர் இல்லாதபோது தயம்மும்

ஒரு பயணத்தில் ஆயிஷாவின் மாலை காணாமல் போய், தேடுவதற்காகப் படை தங்கியது. கையில் தண்ணீர் இல்லை. அப்போதுதான் தயம்மும் வசனம் இறங்கியது. தண்ணீர் கிடைக்காதபோதும், நோயால் தண்ணீர் படக்கூடாதபோதும் ஒளுவுக்கும் குளிப்புக்கும் பதிலாக இதைச் செய்யலாம்.

தொழுகை நேரம் வந்த பிறகு, தொழுகையை ஆகுமாக்கிக்கொள்கிறேன் என்ற நிய்யத்தோடு இரண்டு கையையும் மண்ணில் தட்டி முகத்தைத் தடவ வேண்டும். மறுபடி தட்டி, முழங்கை வரை கைகளைத் தடவ வேண்டும். ஷாபிஈயில் ஒரு தயம்மும் ஒரு பர்ளுத் தொழுகைக்குத்தான்.

கடற்கரைக்காரர் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஷாபிஈயில் கையில் புழுதி ஒட்டக்கூடிய மண்ணாக இருக்க வேண்டும். அலை கழுவிப் போட்ட கடற்கரை மணலில் கையைத் தட்டிப் பாருங்கள், தூசி எழும்பாது, அது செல்லாது. கோடையில் காய்ந்து வெடித்த கண்மாய் மண்ணோ, புழுதி உள்ள தெரு மண்ணோ எடுங்கள், சுத்தமானதாக. ஹனஃபியில் மணல், கல், சுவர் எதிலும் செய்யலாம். தண்ணீர் படக்கூடாத நோயாளி கடலுக்குப் போனால் ஒரு பையில் காய்ந்த மண் எடுத்துப்போகட்டும்.

திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்திக் கட்டுப் போட்டிருந்தால்: நல்ல பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, காயத்துக்காகத் தயம்மும் செய்வது ஷாபிஈ முறை. ஹனஃபியில் தடவினால் போதும்.

சந்தேகம் வந்தால்

ஒளு இருந்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் ஒளு இருக்கிறது. தொழுகையில் ஏதோ வெளியானதுபோல் தோன்றுகிறது என்று முறையிட்டவரிடம், "சத்தம் கேட்கும்வரை அல்லது வாடை தெரியும்வரை விலக வேண்டாம்" என்றார்கள் நபி (ஸல்). தெருவில் தண்ணீர் தெறித்தால் சுத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடாகத்தருகே நபித்தோழர் அம்ர் இப்னுல் ஆஸ் அதன் சொந்தக்காரரிடம் "மிருகங்கள் இங்கே வருமா?" என்று கேட்டபோது, உடன் இருந்த உமர் (ரலி), "எங்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்று தடுத்துவிட்டார்கள். துருவிக் கேட்கும் வேலை நமக்கு இல்லை.

ஒரே கையைப் பத்து முறை கழுவுகிறவர்கள், ஹவுலடியில் உட்கார்ந்து ஜமாஅத்தைத் தவறவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்களுக்கு அப்படி வந்தால் மூன்றாவது முறையோடு நிறுத்திவிடுங்கள். மனம் என்ன சொன்னாலும் திரும்பக் கழுவாதீர்கள். நிறுத்த முடியாத அளவுக்குப் போய்விட்டால் அது நோய். ஆலிம்சாவிடமும் சொல்லுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மற்றக் கேள்விகளுக்கு உங்கள் மஹல்லாப் பள்ளி இமாமிடம் லுஹர் (நண்பகல்) தொழுகைக்கும் அஸர் (மாலை) தொழுகைக்கும் இடையில் போனால் ஆற அமரப் பதில் கிடைக்கும். எந்த மத்ஹபில் நடக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெண்கள், பெண்கள் மதரஸா உஸ்தாதுமார்களிடம் கேட்கலாம். மாதவிடாய்க் கணக்குக் கேட்கப் போகும்போது இரத்தம் தொடங்கிய நாள், நேரம், நின்ற நாள், நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.